மூலம்: இணையம்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்சடித்து, அட்டை போட்டுத் தரும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு அக்கா. மேற்கோளுக்குப் பக்க எண் இல்லாமல் வந்தால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவாள். புத்தகங்கள் என்றால் அவ்வளவு கறார். படங்கள் என்றால் அப்படி இல்லை. படத்துக்குக் கீழே ‘மூலம்: இணையம்’ என்ற வரி வந்து விழுவதற்கென்றே கணினியில் ஒரு விசையை ஒதுக்கி வைத்திருந்தாள். எந்த மாணவனும் அதற்கு மேல் சொன்னதில்லை. எந்தப் பேராசிரியரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

தெருவில் கண்டெடுத்த பையின் மேல் ‘சொந்தக்காரர்: தெரு’ என்று எழுதி வைப்பதைப் போன்றது அந்த வரி. படித்தவர்கள் நிறைந்த ஒரு வளாகத்தில் அது ஒருவரையும் உறுத்தவில்லை என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஒருநாள் முதியோர் புறக்கணிப்பைப் பற்றிய ஆய்வேடு ஒன்று வந்தது. நடுவில் ஒரு முழுப்பக்கப் படம். ‘பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாய்’ என்று மாணவன் அதற்குத் தலைப்பு கொடுத்திருந்தான். அக்கா வழக்கம்போல் விசையைத் தட்டினாள். வரி வந்து உட்கார்ந்தது. படம் பக்கத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நிமிர்ந்தாள். மடியில் பையுடன், கன்னம் நனைந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளைப் பெற்றவள்.

அது கண் மருத்துவமனை பெஞ்சு. பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கன்னத்தில் வழிந்தது அதுதான். அக்கா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளுடைய தம்பி அந்தப் படத்தை எடுத்து, ‘டீ வர லேட்டாயிடுச்சு, அம்மா பக்கம் யாரும் போயிடாதீங்க’ என்று எழுதித் தன் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தான். அந்த வரியை யாரோ கழற்றிவிட்டார்கள். படம் மட்டும் ஊர் சுற்றி, ஆய்வேட்டுக்குள் அநாதையாக வந்து சேர்ந்திருந்தது.

பிரதி வாங்க வந்த மாணவனிடம் படம் எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

“நெட்ல கிடந்துச்சுக்கா.”

“கிடந்துச்சா? அது எங்கம்மாடா.”

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நெறியாளருக்குப் போன் போட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் உருகிய படம், அதை நீக்க வேண்டாம், அது வெறும் உதாரணம்தானே என்று பதில் வந்தது. அக்கா அச்சடிக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அவன் அடுத்த கடைக்குப் போனான். அங்கே கேள்வி கேட்க யாரும் இல்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நான் நாதியத்துப் போனவள்னு லைப்ரரியில வெச்சுக் காலம் பூரா படிப்பாங்களா? வாய்மொழித் தேர்வுக்கு யாரு வேணும்னாலும் வரலாம்னு நீதானேடி சொல்லுவ. என்னைக் கூட்டிட்டுப் போ.”

தேர்வு நாளன்று அம்மா அதே பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் படம் வந்ததும் அரங்கில் ‘உச்’ கொட்டும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்தாள்.

“தம்பி, அது நான்தான். என்னைக் கைவிட்டது யாருன்னு கொஞ்சம் சொல்லுப்பா. நானும் தெரிஞ்சுக்கறேன்.”

மாணவன் நெறியாளரைப் பார்த்தான். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் அவர். “உங்களைச் சொல்லலை. பொதுவா ஒரு தாயைச் சொல்றோம்.”

“பொதுவான தாய்னா உங்கம்மா படத்தைப் போட்டிருக்கலாமே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். படத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்து, கைதட்டலோடு கூட்டத்தை முடித்தார்கள். ஆய்வேட்டில் இருந்த மற்ற படங்களைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இந்தப் படத்தில் கண்ணீர் என்று நம்பியது சொட்டு மருந்து என்றால், மற்ற படங்களில் வழிவது என்ன? இந்தக் கேள்வி எழாத இடத்தை ஆய்வு நடக்கும் இடம் என்று எப்படிச் சொல்வது? ஒரு படத்தை யார், எங்கே, எதற்காக எடுத்தார்கள் என்று எழுதுவது எடுத்தவருக்குச் செய்யும் உபசாரம் மட்டுமல்ல. நாம் சொல்வது பொய்யானால் பிடிபடுவதற்கு நாமே திறந்து வைக்கும் கதவு அது.

அக்காவைப் பாராட்டவும் எனக்கு அவசரம் இல்லை. அடுத்தவர் வீட்டு அம்மாக்களுக்குக் கீழே அந்த விசையை அவள் எத்தனையோ முறை தட்டியிருக்கிறாள். தன் அம்மா வந்தபோதுதான் விரல் நின்றது. ஆனால் நின்றது. அன்றே அந்த விசையின் வேலையை நீக்கினாள். படம் யாருடையது என்று கேட்கத் தொடங்கிய பிறகு, கடைக்கு வரும் கூட்டமும் குறைந்தது.

சில வாரங்களில் அந்த மாணவன் திருத்திய பிரதியைக் காட்ட வந்தான். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடுதான் வந்தான். அன்று அம்மாவும் கடையில் இருந்தாள். அதே பக்கம், அதே தலைப்பு. படத்தில் மட்டும் வேறொரு கிழவி, கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். கீழே ‘மூலம்: இணையம்’.

அம்மா பக்கத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். “இவ யாரைப் பெத்தவளோ. இவளுக்கு யாருடி போய் நிப்பாங்க?”

அக்கா மாணவனுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். “உக்காரு. இவங்க யாருன்னு ரெண்டு பேருமா தேடுவோம்.”

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். அம்மா தன் நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.