இடது தோளில் ஈரம்

“முழுச் சட்டையும் நனைஞ்சிருந்தா வேர்வைன்னு நம்பலாம். இடது தோள் மட்டும் எப்படி நனையும்?”

“நடக்கப் போனேன். வேர்த்துச்சு. அவ்வளவுதான்.”

“தினமுமா? ஒரே இடத்துலயா? எவ தலை சாய்ஞ்ச ஈரம் அது?”

மாடியில் குரல்கள் ஏறிக்கொண்டே போயின. நான் தையல் மெஷினை நிறுத்தினேன். ஒட்டுக்கேட்க இல்லை, நூல் அறுந்துவிட்டது. இதை நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் இனி வருவதை நம்புங்கள். என் கண்ணால் பார்த்தது. இதில் நான் வைத்துத் தைத்தது எதுவும் இல்லை.

மாடியில் குடியிருந்தது பல் டாக்டரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கும் மனுஷன் வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் டீச்சர் அந்தச் சட்டையோடு கீழே இறங்கி வந்தார்.

“அக்கா, துணியோடவே இருக்கறவங்க நீங்க. சொல்லுங்க, இது வேர்வையா?”

மோந்து பார்த்தேன். பாசி நாற்றம்.

“தண்ணி டீச்சர். பார்க் ஓடைத் தண்ணி மாதிரி இருக்கு.”

“அந்த ஓடை வத்தி ரெண்டு மாசமாச்சு.” அவர் கண் கலங்கியது. “பெட்டி கட்டிட்டேன்க்கா. காலையில அம்மா வீட்டுக்குப் போறேன். இனி திரும்ப மாட்டேன்.”

“ஒரு நாள் பொறுங்க. அவ யாருன்னு நான் பார்த்துட்டு வரேன்.”

ஒரு குடும்பம் பிரியக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். கூடவே, யார் என்று தெரியாமல் எனக்கும் சோறு இறங்காது.

மறுநாள் மாலை ஆறேகாலுக்கு டாக்டர் கிளம்பினார். நாலு மரம் தள்ளி நானும் போனேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பார்க், பேருக்குத்தான் பார்க். உள்ளே காடு. ஒற்றையடிப் பாதைகள் வளைந்து வளைந்து ஓடைக்கு இறங்கும்.

பாதையில் ஒரு முள் கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை விலக்கிப் பிடித்துத் தாண்டினார். தாண்டிய பிறகும் விடவில்லை... அடுத்து வரும் ஆளுக்காகப் பிடித்திருப்பது போல நின்றார். பிறகுதான் விட்டார்.

ஓடையின் மேல் மரப்பாலம். அக்கரையில் ஒரு பெஞ்சு. அவர் எனக்கு முதுகைக் காட்டி, அதன் ஓரமாக உட்கார்ந்தார். இடது பக்கம் காலி. சரி, அம்மணி இனிமேல்தான் வருவாள் என்று நான் இக்கரையில் புதரோரம் நின்றேன். கொசு வந்தது. வேறு யாரும் வரவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். பெஞ்சின் காலி இடம் மெல்லக் கறுத்தது. ஈரம். பலகையின் விளிம்பிலிருந்து சொட்டியது.

சொட்... சொட்...

கீழே ஓடையில் வெறும் கூழாங்கல்.

டாக்டரின் இடது தோள் தாழ்ந்தது. பாரம் ஏதோ சாய்ந்தது போல.

நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். சருகு நொறுங்கியது.

அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் நிமிர்ந்தது.

சளப்.

பாலத்துப் பலகையில் ஓர் ஈரத் தடம். வெறுங்கால்.

சளப்... இன்னொன்று. இந்தப் பக்கமாக.

சளப்.

என் செருப்பு நுனியில் வந்து நின்றது...

காவலாளியின் விசில். ஏழு மணி. ஓடினேன்.

டீச்சரிடம் உள்ளதைத்தான் சொன்னேன். “யாரும் இல்ல டீச்சர். தனியாத்தான் உட்கார்ந்திருக்காரு.” அவர் பெட்டியைப் பிரித்தார். அன்று முதல் டாக்டரின் சட்டை காய்ந்தே வீடு வந்தது. நான்தான் என் ரவிக்கையைக் கொடியில் போட்டேன். இடது தோள் மட்டும் சொதசொதவென்று இருந்தது.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க டாக்டர் வந்தார். என் தோளையே பார்த்தார்.

“அன்னைக்கு என் பின்னாடி வந்தீங்க, இல்லக்கா?”

“யார் அது டாக்டர்?”

“தெரியாது. எனக்கு முன்னாடி மாடியில இருந்தவர் தினம் அங்க போவாரு. யாரைப் பார்க்கப் போறாருன்னு நானும் பின்னாடி போனேன். மறுநாளே அவரை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்கிச்சு.”

“நான் தினமும் அங்க போகாம வீட்டுலயே இருந்தா?”

“ரெண்டு நாள் இருந்து பார்த்தேன். கட்டில் வரைக்கும் ஈரம் வந்துடுச்சு.”

கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது வேறு ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்களாம். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

மாடிக்கு ஓய்வு பெற்ற தபால்காரர் குடி வந்திருக்கிறார். தனிக்கட்டை. ஊர் வம்பில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். நேற்று மாடிப்படியில் மடக்கினார்.

“பொழுது சாயற நேரத்துல தினமும் எங்கம்மா போறீங்க? யாரைப் பார்க்க?”

“சும்மா நடக்கத்தான்.”

இன்று நான் கிளம்பியபோது மாடி ஜன்னலில் திரை விலகியது. பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு மூட்டு வலி, பாவம். கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.