ஆம் என்று ஒருவரும் சொல்லாத கோப்புகள்

1996 பெப்ரவரியில் என் மேசையை நிலக்கீழ் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. டொரன்டோவின் ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றில் நான் தரவுச் செய்தியாளராக இருந்தேன். வேலையிடங்களில் யார் எதற்காகத் தண்டிக்கப்படுகிறார்கள், அதில் இனத்துக்கும் நிறத்துக்கும் பங்குண்டா என்று கணினியில் அட்டவணை போட்டுப் பார்ப்பது என் வேலை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு காவலாளி நிறுவனத்தின் ஒழுங்கு விசாரணைக் கோப்புகள் தொழிற்சங்கம் வழியாக வந்திருந்தன.

ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒரு நிரலில் பதிந்தேன். மேலாளரின் குறிப்பை அடுத்த நிரலில் பதிந்தேன். "நேரடியாகப் பதில் சொல்லவில்லை" என்ற குறிப்பு யாழ்ப்பாணத்தவர்களின் பெயர்களுக்கு எதிரே வந்துகொண்டேயிருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது இல்லை. நிறமும் ஒன்று, பெயர்களும் ஏறக்குறைய ஒன்று. நான் எங்கோ பிழை விட்டிருப்பேன் என்றார் ஆசிரியர். முதலிலிருந்து பதிந்தேன். அதே ஆட்களுக்கு எதிரே அதே குறிப்பு வந்து நின்றது.

விசாரணைகளின் தட்டச்சுப் பிரதிகளை எடுத்து வாசித்தேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் எதற்குமே ஆம் என்று சொல்லியிருக்கவில்லை. சுற்றிப் பார்த்தீரா? அம்... விளக்கை அணைத்தீரா? அம்... உம்முடைய பெயர் இதுதானா? அதற்கும் அம்... தங்கள் பெயரையே நிச்சயமாகச் சொல்ல முடியாத மனிதர்கள் பக்கம் பக்கமாக வந்தார்கள்.

அவர்களில் ஒருவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. மில்லிக்கன் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தைக் காவல் காத்தவர். பின்கதவால் பொருட்கள் களவு போயின. அவர் கதவைப் பூட்டினாரா என்பதுதான் கேள்வி. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மார்ச்சில் மேன்முறையீடு. அதிலும் தோற்றால் காவலாளி அனுமதிப்பத்திரமும் போய்விடும். ஐம்பது வயது தாண்டியவருக்கு வேறு வேலை கிடைப்பது கடினம்.

மோர்னிங்சைட்டில் அவருடைய அபார்ட்மென்டுக்குப் போனேன்.

"அண்ணை, நீங்கள் மொழிபெயர்ப்பாளர் கேக்கேல்லையோ?"

"ஏன் பிள்ளை, எனக்கு இங்கிலீஷ் தெரியும்தானே."

"தெரியும், தெரியும்," என்றார் மனைவி குசினியிலிருந்து. "பிட்சாவுக்கு ஃபோன் எடுக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்."

நான் பிரதியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உதென்ன அம்? நான் என்ன மாடோ, கத்துறதுக்கு?"

"அப்ப என்ன சொன்னியள்? கதவைப் பூட்டினியளோ?"

"ஓம்."

"அவங்கள் கேக்கேக்கையும் அப்பிடியே சொன்னியள்?"

"ஓம் எண்டுதான் சொன்னனான். கேட்டது எல்லாத்துக்கும் ஓம் எண்டனான்."

நான் பேனாவை மூடினேன். தமிழ்நாட்டுக்காரர் ஆமாம் என்பார்கள். அது தட்டச்சுக்காரிக்குப் புரியாத வேற்றுமொழிச் சொல்லாகவாவது கேட்டிருக்கும். எங்களுடைய ஓம், ஆங்கிலம் பேசுபவர்கள் பதில் தெரியாமல் இழுக்கும் அம் என்ற ஒலியாகிவிட்டது.

மறுநாள் சங்கத்திலிருந்து விசாரணைகளின் ஒலிநாடாக்களை வாங்கிக் கீழறையில் போட்டுக் கேட்டேன். மலிவான நாடா. கேள்வி தெளிவாக வரும். பிறகு ஓகாரம் இரைச்சலில் கரைந்து, சுவருக்கு அப்பாலிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு "ம்" மட்டும் மிஞ்சும். வேறு நாடா, வேறு மனிதர், அதே முனகல். அவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாடாவில் யாரோ "இங்கே இருக்கிறீரா?" என்று கேட்டார். அந்த அறையில் தனியாக இருந்த நான் "ஓம்" என்றேன். அதன் பிறகும் ஒரு "ம்" கேட்டது. நாடாவிலிருந்த மனிதருடைய பதிலாகத்தான் இருக்கவேண்டும். திரும்பச் சுற்றிப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கட்டுரை மேன்முறையீட்டுக்கு முன்பே வெளியானது. சங்கத்து வழக்கறிஞர் அதை முன்வைத்து, நாடாவைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்கவேண்டும் என்று வாதாடினார். கூடவே அண்ணையிடம் இனி ஓம் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்றும் சொல்லிவைத்தார். அண்ணை மனைவியைக் கேள்வி கேட்கச் சொல்லி வீட்டில் பழகினாராம். விசாரணையில் நான் பின்வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஆணி அறைவதுபோல "யெஸ்" என்றார்.

வேலை திரும்பக் கிடைத்தது. ஏப்ரலில் அவருடைய மனைவி அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"சந்தோசம்தான் பிள்ளை. ஆனா இவர் இப்ப வீட்டிலயும் யெஸ் எண்டுதான் சொல்லுறார். சாப்பிட்டியளோ எண்டால் யெஸ். நித்திரையிலயும் ஆரோ விசாரிக்கிற மாதிரி ஒவ்வொண்டா சொல்லிக்கொண்டு கிடக்கிறார். அது இவற்ற குரல் மாதிரி இல்லை."

"பகிடிக்குச் சொல்லுறாரோ?"

"இல்லையப்பா. நீங்களே கேளுங்கோவன்." அவர் வாயை ஃபோனிலிருந்து விலக்கிக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, உங்கட பேப்பர்க்காரப் பிள்ளை. கதைக்கப் போறியளோ?"

பிறகு அறையின் மறுபக்கத்திலிருந்து, நாடாவில் பதியத் தோதாக, மெதுவாகவும் தெளிவாகவும் அந்த ஆங்கிலச் சொல் வந்தது. மனைவியிடமிருந்து ஃபோனை வாங்க ஒருவரும் வரவில்லை.