யாரும் தூக்க வேண்டாம்

கத்திரி என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அதே தெருக்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருந்ததால் பாதி, வாய் சும்மா இருக்காததால் மீதி என்று அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடையின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனவர் வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார் மனிதர். கால் போனதைவிட அவருடைய வாய் அடங்கிப்போனதுதான் மனைவியைப் பயமுறுத்தியது.

அந்த வாயைத் திறக்க வைத்தவர் மச்சான். மனைவியின் தம்பி, வெல்டிங் வேலை, சரியான அவசரக்குடுக்கை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாமா முடி வெட்டட்டும் என்று, வாடிக்கையாளர் உட்காரும் மரநாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்து கால்களை அறுத்தார். அளவெடுக்கவில்லை. ஒரு கால் கட்டையாகிவிட்டது என்று இன்னொன்றை அறுத்தார், அது ஆடுகிறது என்று அடுத்ததை. கடைசியில் நாற்காலி தரையோடு தரையாகிவிட்டது.

"என்னடா இது, கோழி உட்காரவா?" என்றார் கத்திரி.

அந்தக் கிண்டலைக் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சான் மட்டும், திட்டு வாங்கியும், பல்லை இளித்துக்கொண்டு நின்றார்.

கடை மறுபடி திறந்தது. கண்ணாடி கீழே இறங்கியது. வந்தவர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கத்திரி பழைய அரட்டையை விட்டுவிட்டு ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கடைக்கு ஏன் படி, அந்த அலுவலகத்துக்கு ஏன் சரிவுப் பாதை இல்லை. கழுத்தோரம் சவரக்கத்தி ஊரும்போது யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்? மருந்துக்கடைக்காரர் வாசல்படியை உடைத்துச் சரிவாக்கினார். தபால் நிலையத்தில் சரிவுப் பாதையை அடைத்து நின்ற மோட்டார் சைக்கிள்கள் வேறு இடம் போயின. மழித்த முகத்தோடு ஒரு நல்ல காரியமும் செய்த திருப்தி அவர்களுக்கு.

மசியாதவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவருடைய பள்ளியில்தான் கத்திரியின் மகள் படித்தாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு நீதிபதி வேடம். ஆனால் அப்பாவிடம், "நீங்க வர வேண்டாம்ப்பா. அம்மா வீடியோ எடுத்துட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

காரணம் அவருக்குத் தெரியும். முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் அவரை அலமாரி தூக்குவதுபோல் மாடிக்குத் தூக்கினார்கள். "நல்ல கனம்!" என்று ஒருவர் சிரித்தார். சட்டை மேலேறி, இடுப்பில் கட்டியிருந்த சிறுநீர் சேரும் பை எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே தொங்கியது. மகள் ஓடிவந்து தன் துப்பட்டாவால் அதை மூடினாள். பிறகு அப்பாவின் கழன்ற செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். இந்த நாடகத்துக்குப் போயே ஆக வேண்டும், யார் கையும் படாமல் போக வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தார்.

விழாவுக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் முடி வெட்ட வந்தார். மச்சானும் மருந்துக்கடைக்காரரும் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"நம்ம பள்ளிக்கூடம் அழகான பழைய கட்டடம். சரிவுப் பாதை வெச்சா முகப்பே கெட்டுடும்" என்றார் தலைமையாசிரியர். "நீங்க கவலைப்படாதீங்க. ஆளுங்க இருக்காங்க, அலாக்காத் தூக்கிடுவோம்."

கத்திரி முடி வெட்டி முடித்தார். தலை அலச வேண்டும். அலசும் தொட்டி இருந்தது அறையின் அந்தப் பக்கம்.

"மச்சான், அண்ணே, ரெண்டு பேரும் வாங்க. சாரைத் தொட்டிகிட்ட தூக்கிட்டுப் போங்க."

மச்சானுக்குச் சொல்லவா வேண்டும்? அடுத்த நொடி தலைமையாசிரியர் துணி போர்த்தியபடி நாற்காலியோடு அந்தரத்தில் இருந்தார்.

"அய்யய்யோ, இறக்குங்க! எனக்குக் கால் இல்லையா? நானே போறேனே!"

"எனக்கும் அதே ஆசைதான் சார்" என்றார் கத்திரி.

இறக்கினார்கள். தலைமையாசிரியர் தானே நடந்துபோய்த் தொட்டியில் தலையைக் குனிந்தார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தலை துவட்டும்போது, "பக்கவாட்டுக் கதவுக்கு வெச்சா முகப்பு கெடாதுல்ல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்தக் கதவா இருந்தா என்ன சார்."

இரும்புச் சரிவை மச்சான்தான் செய்தார். இந்த முறை அறுப்பதற்கு முன்னால் அளந்தார்.

விழா மாலையில் கத்திரி சலவைச் சட்டையில் வந்தார். மனைவி முன்னால் போய் இடம் பிடித்தார். சரிவு நீளம்தான். பாதியில் கை ஓய்ந்து, சக்கரம் நின்றது. பின்னாலிருந்து நீண்ட தலைமையாசிரியரின் கை, நாற்காலியைத் தொடுவதற்கு முன் நின்றுவிட்டது.

"தள்ளட்டுமா?"

இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. தூக்கியவர்கள்கூடக் கேட்காமல்தான் தூக்கினார்கள். கத்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாம் சார். பின்னாடி மட்டும் நில்லுங்க."

மூச்சு வாங்கி, மீண்டும் உந்தி, மேலே ஏறினார்.

தீர்ப்புச் சொல்ல எழுந்த நீதிபதி, முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவைப் பார்த்ததும் வசனத்தை மறந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுக்க, கடகடவென்று ஒப்பித்தாள். திரை விழுந்ததும் கறுப்பு அங்கியோடு ஓடிவந்தாள். முதலில் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். பிறகு கால்களை. இரண்டு செருப்பும் இருந்தன.

"எப்படிப்பா உள்ளே வந்தீங்க?"

"கதவு வழியாத்தான்" என்றார் அவர்.