தேங்காய்ப்பூவில் குடியிருப்பு

என் மனைவியின் தங்கை மகள், மலாக்காவில் நியாலாஸ் என்ற ஊர்ப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆயர் குரோவில் எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வருகிறாள். போன ஆண்டு அவளுடைய பணி உறுதியாவதற்கு ஒரு படிதான் பாக்கி. அதிகாரி ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அப்படிப் பின்வரிசையில் உட்காருவதுதான் ஓய்வு பெறும்வரை என் உத்தியோகமாக இருந்தது. ஆகவே ஆலோசனை கேட்காமலே கிடைத்தது.

பாடம், பூமியின் அடுக்குகள். பயிற்றுத்துணைப்பொருள் கடைசி மேசைக்கும் தெரிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, தின்னக்கூடியதாக இருக்கவே கூடாது என்று சொல்லி, பாதி வெட்டிய பிளாஸ்டிக் பூமி ஒன்றை வாங்கி வந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. பிள்ளைங்க நல்லா தூங்குவாங்க லா."

அடுக்களையில் பெண்கள் இருவரும் கூடி எடுத்த முடிவு, ஒண்டே-ஒண்டே. பாண்டான் இலைச் சாறு விட்டுப் பிசைந்த பச்சை மாவு உருண்டைக்குள் குலா மலாக்கா வெல்லம், மேலே தேங்காய்ப்பூ. வெந்ததும் வெல்லம் உள்ளே உருகிவிடும். அதனால் முழுதாக வாயில் போட்டுத்தான் கடிக்க வேண்டும். பாதி கடித்தால் சட்டை போச்சு. பூமியின் வெளிக்கருவும் திரவம்தானே என்றாள் ஆசிரியை. உட்கரு திடமாயிற்றே என்றேன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வறுத்த கடலை ஏறியது. கடலை ஒவ்வாத பிள்ளைகள் உண்டா என்று பெற்றோருக்கு முறைப்படி எழுதச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டாளாம்.

பாடத்தன்று காலை, முதல் ஈட்டில் பாதி பூமிகள் பானையிலேயே வெடித்தன. தீ அதிகம் என்றாள் மனைவி. சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டப் போயிருந்தால் நம் கதியும் இதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். தேங்காய் துருவச் சொன்னார்கள்.

ஆசிரியையின் கார் பட்டறையில் கிடந்ததால் நான்தான் ஓட்டிப் போனேன். வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்புச் சன்னலோரம் நின்றேன். அங்கே நிற்க அனுமதி இல்லை. அட்டை மாட்டியவரை யாரும் கேட்பதும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூமி கொடுத்து, பாதி கடித்து உள்ளே பார்க்கச் சொன்னாள். மரியாதைக்காக அதிகாரிக்கும் ஒன்று. அவரும் சொன்னபடியே கடித்தார். வெளிக்கரு நேராக அவருடைய டையில் இறங்கியது.

நான் மனத்துக்குள் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன்.

அவர் டையைப் பார்த்தார். கையிலிருந்த பாதிப் பூமியைப் பார்த்தார். பாடத்துக்கு நடுவே பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தார்.

"பூமிக்குள்ள அவ்வளவு சூடுன்னா, நம்ம கால் ஏன் சுடல?"

அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் கேள்வியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டாள். தாடையில் தேங்காய் ஒட்டிய ஒரு சிறுமி எழுந்தாள்.

"மேல ஆறிப்போச்சு சார். நாம தேங்காய்ப்பூவுலதானே இருக்கோம்."

அதிகாரியே சிரித்துவிட்டார். அதன்பின் பிள்ளைகள் விடவில்லை. நிலாவில் ஏன் தேங்காய்ப்பூ இல்லை என்றான் ஒருவன். காற்றும் தண்ணீரும் தங்காத இடத்தில் உயிர் ஒட்டாது என்றாள். செவ்வாயில் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததா என்று இன்னும் தேடுகிறார்களாம். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அலுவலகத்திலிருந்து அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"உறுதி பண்ணச் சொல்லி எழுதுறாராம் பெரியப்பா. டைய எப்படித் துவைக்கிறதுன்னு பெரியம்மாகிட்ட கேக்கச் சொன்னாரு."

அதற்குச் சுற்றறிக்கை எதுவும் கிடையாது. வெந்நீர் போதும் என்றாள் என் மனைவி.

பிளாஸ்டிக் பூமி இப்போது எங்கள் கூடத்து அலமாரியில் இருக்கிறது. நேற்று இரண்டு எறும்புகள் அதில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்விட்டன.