ஆறு பாஷையிலும் சம்சாரம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பட்டனும் லேஸும் விற்கிற அல்தாஃபுக்கு ஒரே நாளில் ஆறு பெண்டாட்டிகளைக் கட்டிவைத்த பெருமை, அவனுடைய சொந்த மனைவி லுப்னாவையே சேரும். வேண்டுமென்று செய்ததல்ல. அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அதாவது வாயால்.

தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத்தை பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் பார்த்துத் தானாகப் பொறுக்கிக்கொண்டவள். படம் வரைவதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. லேஸ் வாங்க வந்த குஜராத்திக்காரி பேரம் பேசி முடிப்பதற்குள் அவளை மூக்குத்தியோடு டேப்லெட்டில் இறக்கிவிடுவாள். கண்ணடிக்கிற, குதிக்கிற ஸ்டிக்கர்களாக அவை ஊரெல்லாம் சுற்றின. கொங்கணி வீட்டுக் கல்யாணமோ, மேமன் வீட்டுப் பெருநாளோ, வாழ்த்துச் சொல்வது லுப்னாவின் ஸ்டிக்கர்தான்.

அதனால்தான், பழைய கிடங்குச் சுவரில் பெரிய திரை கட்டி, ஊரின் பாஷைகளுக்கெல்லாம் டிஜிட்டல் ஓவிய விழா எடுத்த கிருஷ்ணபிரசாத் அவளைத் தேடி வந்தார். வரைய வேண்டிய பாஷைகளில் தமிழ் மட்டும் இல்லை.

"தமிழ் அங்கே தமிழ்நாட்டில் உள்ளதல்லே?" என்றார்.

லுப்னாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நாங்க யாரு சேட்டா? இங்க டூர் வந்தவங்களா?"

சண்டை போட்டுத் தமிழுக்கு ஒரு படம் வாங்கினாள். புகார் எதுவும் வந்தால் எடுத்துவிடுவோம் என்பது நிபந்தனை.

படத்தின் நடுவில் அல்தாஃப். சுற்றிலும் அந்தக் குஜராத்திக்காரி உட்பட ஆறு பெண்கள் ஆறு பாஷையில் ஒரே நேரத்தில் வாயடிக்க, அவன் தலை பம்பரமாகச் சுழலும். கீழே கொட்டை எழுத்தில்: "அல்தாஃப் கடையில் ஆறு பாஷையிலும் சம்சாரம் உண்டு."

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. லுப்னா வீட்டுத் தமிழிலும் அப்படித்தான். அதற்கு வேறு அர்த்தம் இருப்பது, விழாவின் முதல் நாள் மாலை மதுரையிலிருந்து சுற்றுலா வந்த பாண்டித்துரை அல்தாஃபின் கையைப் பிடித்துக் குலுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

"அண்ணே, படத்துல இருக்கிறது நீங்கதானே? ஒண்ண வச்சுக்கிட்டே நாங்க படுற பாடு! ஆறு சம்சாரத்த எப்படிண்ணே சமாளிக்கிறீங்க?"

"அதெல்லாம் பழகிப்போச்சு சார்," என்றான் அல்தாஃப் அடக்கமாக. "சிலது காலையில வரும், சிலது சாயங்காலம்."

பாண்டித்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமிழ்நாட்டில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி என்று அவர் சொல்லி முடித்தபோது அல்தாஃபின் முகம் மஞ்சள் பட்டன் நிறத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் கடையில் ஒரே கூத்து. "நான் மூத்தவளா, இளையவளா? அதுக்கேத்த மாதிரி விலையைக் குறை," என்று குஜராத்திக்காரி மேசையைத் தட்டினாள். அல்தாஃப் பட்டன் டப்பாவுக்குள் தலையைவிட்டு எதையோ தேடினான்.

"என்னடி காட்டி வெச்சே இந்தப் படத்துல?" என்றான் லுப்னாவிடம்.

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணபிரசாத் வந்துவிட்டார். ஆறு பெண்டாட்டி என்று போட்டிருப்பதாகப் புகார் வந்துவிட்டது, தமிழ்ப் படம் இன்றைக்கு வேண்டாம் என்றார். லுப்னாவின் சிரிப்பு அப்படியே நின்றது. சம்சாரத்தை அழித்துப் 'பேச்சு' என்று எழுதினால் போதும்தான். ஆனால் அந்தச் சொல் அவள் வீட்டுச் சொல். அதை அழித்துவிட்டு நாங்களும் இந்த ஊர்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? நினைக்கவே அழுகை முட்டியது.

"சாயங்காலம் வரைக்கும் விடுங்க சேட்டா. நல்லா இல்லேன்னா நானே எடுத்துர்றேன்."

அன்று மாலை கிடங்கின் முன்னால் ஊரே கூடிவிட்டது. திரையில் ஆறு பெண்களும் பேசினார்கள், அல்தாஃபின் தலை சுழன்றது. திடீரென்று நின்றது. கடை வாசலில், இடுப்பில் கை வைத்து ஏழாவதாக ஒருத்தி. லுப்னாவேதான். அவள் குரலிலேயே அந்தப் படம் பேசியது:

"சம்சாரம் நான் ஒருத்திதான். மத்ததெல்லாம் வெறும் சம்சாரம்!"

தமிழ்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், மலையாளிகள் அடுத்து. குஜராத்திக்காரி பக்கத்திலிருந்தவரை உலுக்கி அர்த்தம் கேட்டுக்கொண்டு கடைசியாகச் சிரித்தாள், எல்லோரையும்விட உரக்க. கிருஷ்ணபிரசாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுகூடி போடு, இன்னொரு தடவை!" என்று கத்தினார்.

தமிழை எடுப்பதைப் பற்றி அதன்பிறகு சம்சாரமே இல்லை.