ஈரச் சுவருக்கு ஒரு திரை

தையல்காரி வாய் திறந்து பேசி அந்தக் குடியிருப்பில் பலர் கேட்டதே இல்லை. துணி கொண்டு வருபவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவாள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்ல வேண்டுமென்றால்கூட, தானே மெல்லப் பிடித்துத் தூக்கிவிடுவாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவளுடைய நாத்தனார் இருந்தாள்.

"அவகிட்ட என்ன கேக்கற? எங்கிட்ட சொல்லு. அந்த ஊமைக்கோட்டான் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள உன் துணி சாயம் போயிடும்" என்பாள், வந்தவர்களிடம்.

நாத்தனார், தன் புருஷன் போன பிறகு, தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். அதனால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த அந்தத் தரைத்தள வீடு, ஓர் அறையும் ஓர் அடுப்படியும், இரண்டு பெண்களின் ராஜ்ஜியமாக இருந்தது. ஒருத்தி பேச, ஒருத்தி தைக்க, பொழுது போனதே தெரியாது.

அந்த அறையின் ஒரு சுவர் வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும். மேல்மாடிகளுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளேயே எங்கோ கசிந்துகொண்டிருந்தது. கருநீல மையைக் கொட்டியதுபோல் பூஞ்சை கீழிருந்து மேலே ஏறிவந்தது. எதிர்ப்பக்கம் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் அங்கே தையல் மெஷின். மிச்சமிருந்த இடம் ஈரச் சுவரை ஒட்டித்தான். அங்கே நாத்தனாரின் கட்டில்.

"அண்ணி, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க. மெஷினை அங்க தள்ளிடலாம்" என்று தையல்காரி ஒருமுறை சொன்னாள்.

"மெஷின் துருப்பிடிச்சா சோத்துக்கு என்ன பண்றது? நான் துருப்பிடிச்சா கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கறேன், போ."

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

நாத்தனாருக்கு இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு வேளை பார்க்காமல் வந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடித்தது. அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டரம்மா வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் பேனாவை மூடிவைத்தாள்.

"மருந்து நான் எழுதித் தரலாம். சுவருக்கு யார் எழுதித் தர்றது? இன்னொரு மழைக்காலம் அங்க படுத்தாங்கன்னா இவங்க நுரையீரல் தாங்காது. எப்படியாவது வீட்டை மாத்துங்க."

பக்கத்துக் கட்டடத்தில் காய்ந்த வீடுகள் சில பூட்டிக் கிடந்தன. தங்கள் வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று வீட்டு வசதி அலுவலகத்தின் பொறியாளர் சொல்லிவிட்டால் போதும், அங்கே மாறிக்கொள்ளலாம். அவரை வரவழைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் கண்டக்டர். பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்பின் குறைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர். டாக்டரம்மாவின் சீட்டோடு மனு கொடுத்து, அந்த வாசலிலேயே பழியாய்க் கிடந்து, மழைக்கு முன்பே ஒரு தேதியை வாங்கிவிட்டார்.

"நாளைக்கு இன்ஜினியர் சார் வர்றார்! எல்லாரும் தயாரா இருங்க!" என்று மாடி மாடியாகக் கத்திக்கொண்டு போனார்.

தயாராவது என்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். மாடிப்படியைக் கழுவினார்கள். ஒழுகும் இடங்களில் வைத்திருந்த வாளிகளை எடுத்து ஒளித்தார்கள். உடைந்த படியின்மேல் ஒரு பூந்தொட்டி வந்து உட்கார்ந்தது. வாசல் எதிரே இருந்த சாலைப் பள்ளத்தை மூடச் சொல்லிக் கண்டக்டர் எத்தனையோ முறை மனு கொடுத்திருக்கிறார். ஜீப் குலுங்கினால் சாருக்கு முகம் சுண்டிவிடுமே என்று, அன்று அவரே செங்கல் துண்டுகளைக் கொட்டி மிதித்துச் சமன் செய்தார்.

நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்தபடி உத்தரவு போட்டாள்.

"ஏய் இவளே, அந்தச் சுவத்தைப் பாரு. அந்த ஆளு என்ன நினைப்பான்? ரெண்டு பொம்பளைங்க இருந்தும் வீட்டை எருமைத் தொழுவமா வெச்சிருக்காளுங்கன்னு நினைக்க மாட்டான்?"

தையல்காரி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. யாரோ வாங்காமல் விட்டுப்போன பூப்போட்ட துணி ஒன்று பெட்டியில் இருந்தது. அதைச் சுவரின் அகலத்துக்கு அளந்து, மேலே நாடா கோத்து, விளிம்பு மடித்துத் தைத்தாள். வேலை நேர்த்தியாக வந்தது. மாட்டியதும் அறைக்கே ஒரு களை வந்துவிட்டது.

"அடி கைகாரி! கல்யாண வீடு மாதிரி ஆக்கிட்டியே!" என்றாள் நாத்தனார். அந்தப் பாராட்டில் அவளுக்குக் காது சூடானது.

பொறியாளர் சின்ன வயசுக்காரர். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். வேண்டாம் சார் என்று கண்டக்டர் பதறியும் கேட்கவில்லை. உள்ளே வந்து, போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் திரை. தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"நல்லா இருக்கோம் சார்" என்றாள் அவள், முகம் முழுக்கச் சிரிப்பாக.

இருமலை அடக்குகிறாள் என்று தையல்காரிக்கு மட்டும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சேலை முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. தையல்காரியோ திரையின் ஓரமாகத்தான் நின்றிருந்தாள். விளிம்பு கைக்குள்ளேயே இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். ஆனால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற மனிதரின் தலைக்குப் பின்னால் அழுக்கை எப்படிக் காட்டுவது? கண்டக்டர் சொல்வார் என்று நினைத்தாள். கண்டக்டரோ, "சார் நேர்ல வந்ததே எங்களுக்குப் பெருமை" என்று உருகிக்கொண்டிருந்தார். அவள் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜீப் நகர்ந்த பிறகு நாத்தனார் இருமிய இருமலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, "பாத்தியா? ஒரு தடவைகூட நான் இருமவே இல்லை!" என்றாள், பெருமையாக.

வீடு குடியிருக்கத் தகுதியானது என்று பதில் வந்தது. கண்டக்டர் அதைச் சொல்ல வந்தபோது, சத்தமே இல்லாமல் பேசினார்; அவர் குரலை அப்படி யாரும் கேட்டதில்லை. பூட்டியிருந்த வீடுகள் வேறு ஆட்களுக்குப் போயின.

மழை பிடித்துக்கொண்டது. நாத்தனாரை மருத்துவமனையில் சேர்த்தபோது வார்டில் இடமில்லாமல் நடையில் படுக்கை போட்டார்கள். மூச்சுக்கு வைக்கிற மெஷின் ஒன்றுதான் வேலை செய்தது. அது முறை வைத்துச் சுற்றி வந்தது. அங்கே படுத்துக்கொண்டும் அவள், "நம்ம முறை வர்றதுக்குள்ள நான் ஊருக்குப் போய்ட்டு வந்துடுவேன் போலிருக்கே" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

லாரிக்காரன் அக்காவின் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டான். "போனது போச்சு. நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்றான். அவள் தலையாட்டினாள். எதிர் வீட்டுக் கைக்குழந்தைக்கு நெஞ்சில் அதே சீழ்க்கை கேட்கத் தொடங்கிய அன்று, மெஷினை மூடிவிட்டுக் கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, குறை கேக்கற கூட்டம் எப்போ? நானும் வர்றேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் பேசியதை நம்புவதற்கே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

கூட்டத்தில் மேடையில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அதே பொறியாளர். கண்டக்டர் முழங்கி முடித்ததும் பொறியாளர் எழுந்து பணிவாகச் சொன்னார்: "நான் நேர்ல போய்ப் பார்த்தேன் மேடம். சுவர் சுத்தமா இருந்தது. அந்த அம்மாவே நல்லா இருக்கோம்னு சொன்னாங்க. ஏதாவது இருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே?"

தையல்காரி எழுந்தாள். மைக் பக்கத்தில் வந்து பேசச் சொன்னார்கள்.

"நீங்க வீட்டுக்கு வந்திருந்தீங்க சார். வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"திரை தெச்சது நான்தான். தப்பு என் மேலயும் இருக்கு. ஆனா அதைத் தூக்கிப் பார்க்கறது உங்க வேலை. மூச்சுத் திணறுதுன்னு டாக்டரம்மா எழுதின சீட்டு உங்க கையில இருந்துச்சு. அண்ணி சிரிச்சதைப் பார்த்தீங்க. சுவத்துல ஒரு தடவை கை வெச்சுப் பார்த்திருக்கலாம் சார்."

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை என்பது அவளுக்கு அப்போதும் தெரிந்தது. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே திரையை இழுத்திருப்பாளோ என்னவோ. ஓர் அரங்கமே கேட்கும்படி வந்த பேச்சு, சொந்த வீட்டில் மூன்று பேர் முன்னால் வரவில்லையே என்பதுதான், அதிகாரி உத்தரவு சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் மனதில் ஓடியது.

இந்த முறை தரைத்தளம் முழுவதற்கும் உத்தரவு. மழை முடிந்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள். குழாயை மாற்றி, சுவரை உடைத்து, புதிதாகப் பூச வேண்டும். எதிர் வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தையல்காரி மெஷினைப் பழைய துணியால் போர்த்தி வாசலுக்கு நகர்த்தினாள்.

கொத்தனார் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தூசி நிறைய பறக்கும்மா. மூச்சுத் திணறல் இருக்கறவங்க யாராவது வீட்டுல இருந்தா, ரெண்டு நாளைக்கு வேற எங்கயாவது அனுப்பிடுங்க."

"யாரும் இல்லீங்க" என்றாள் அவள். "நீங்க இடிங்க."