ஜன்னலில் ஒட்டிய கழுத்துப் படம்

நீலசந்திராவின் குறுகலான சந்தில் எங்கள் சமையலறை ஜன்னலும் பக்கத்து வீட்டு ஜன்னலும் கை நீட்டினால் தொடும் தூரம். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. நாலு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் படம் எதற்கு? ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.

போன மழைக்காலத்தில் குரல் கம்மியது. அதிகம் பேசாதவள் என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு சளி மருந்து, தைராய்டு பரிசோதனை என்று மாதங்கள் வீணாய்ப் போயின. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். எச்சில் விழுங்கக் கூடாதாம். அப்படிச் சொன்னால்தான் வாயெல்லாம் எச்சில் ஊறுகிறது. படம் கலங்கிப்போய், திரும்பவும் படுக்கவைத்தார்கள்.

குரல்வளைக்கு அடியில் மோதிரம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறதாம். அதில் கட்டி. படத்தில் பொரி இறைத்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. இது அபூர்வம் என்று டாக்டர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அதில் என்ன பெருமை?

கட்டியில் சின்னத் துண்டெடுத்துப் பரிசோதித்ததில் மெதுவாக வளர்கிற ஜாதி என்று வந்தது. நாலு வருஷமாக ஒரே அளவில் இருந்தால் சும்மா கவனித்துக்கொண்டிருக்கலாம், வளர்ந்திருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரலாம், அதனால் விழுந்தபோது எடுத்த பழைய படம் வேண்டும் என்று டாக்டர் என் மகனிடம் சொன்னார்.

மகன் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனான். அங்கே இப்போது பர்னிச்சர் கடை. பீரோவில் பழைய ரிப்போர்ட் கிடைத்தது. அதில் எலும்பைப் பற்றி மட்டும் எழுதியிருந்தது. படம் எங்கே என்று கேட்டான். ஜன்னலைக் காட்டினேன்.

சூடு பட்டால் கருக்கிற பிலிமாம்; அடுப்புச் சூட்டில் படம் முழுக்கக் கருத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்ததை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க அத்தை, சாம்பார்தானே கொதிக்குது," என்றாள் மருமகள். நான் டேப்பைப் பிரித்துப் படத்தை எடுத்தேன்.

டாக்டர் அதை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து இப்போது எடுத்ததோடு ஒப்பிடலாம், நடுவில் மூச்சு அடைத்தால் உடனே கூட்டிவர வேண்டும் என்றார். எல்லாம் மகனைப் பார்த்துத்தான். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"எனக்குச் சொல்லுங்க டாக்டர். தொண்டை என்னோடது."

கம்மிய குரல் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று குனிந்தார். மறுபடியும் சொல்லி, என் குரல் போய்விடுமா என்றும் கேட்டேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப தெரியாதும்மா. ஆறு மாசம் ஆகணும்."

அடுத்த ஸ்கேன் தேதி எழுதிய சீட்டைப் பழக்கத்தில் மகனிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.